போல்டனிற் கிடைத்த கைத்தடி

அறுபத்தொன்பதாவது வயதில், இடது இடுப்பு மூட்டை அறுத்தெடுத்துப் புது மூட்டுப் பொருத்திக்கொண்ட எட்டாவது மாதத்தில், ஓர் உதைபந்தாட்டப் போட்டியைப் பார்ப்பதற்காக இங்கிலாந்துக்குப் புறப்படுபவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதையே என் ஊராரும் நினைத்திருப்பார்கள். ஆகையால் மகளையும் பேரனையும் பார்த்துவரப் போகிறேன் என்றே வெளியிற் சொல்லிக்கொண்டேன். அதிலே பொய் ஒன்றும் இல்லை. மகள் குடும்பம் மான்செஸ்டர் நகருக்கு வடமேற்கேயுள்ள போல்டன் என்னும் பட்டினத்தில் வசிக்கிறது. ஆனால், என் பெட்டியின் அடியில், மருந்துக் குளிசைகளுக்கும் ஒடியல் மாப் பொட்டலத்துக்கும் கீழே, சிவப்புக் கழுத்துத்துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்ததை என் மனைவி ஒருத்தியே அறிவாள்.

இந்தப் பைத்தியம் எனக்குத் தானாக வந்ததன்று. என் தாயாரின் இளைய சகோதரர், நாங்கள் சின்னமாமா என்று அழைத்தவர், எனக்கு ஊட்டியது. அவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் எழுதுவினைஞராக இருந்தார். இணுவிலிலிருந்து காலைப் புகையிரதத்திற் போவார்; மாலையில் வந்ததும் வராததுமாகச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் வெளியிலே பந்தடிக்க இறங்கிவிடுவார். 1963-ஆம் ஆண்டு ஒரு போட்டியில் வழுக்கி விழுந்தார். தொடையெலும்பு இடுப்போடு சேருமிடத்தில் முறிந்துவிட்டது. காலிலே பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டு மூன்று மாதம் கட்டிலோடு கிடத்தினார்கள். எலும்பு ஒருவாறு கூடியது. ஆனால் கால் ஓர் அங்குலத்துக்கு மேற் கட்டையாகிவிட்டது. அன்றுமுதல் கருங்காலிக் கைத்தடியொன்று அவருக்கு மூன்றாவது காலாயிற்று.

ஆட முடியாதவர் ஆட்டத்தைப் படிக்கத் தொடங்கினார். ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு மூலையில் வரும் இங்கிலாந்து உதைபந்தாட்ட முடிவுகளை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டுவார். அவருடைய தெய்வம் மான்செஸ்டர் யுனைட்டெட் குழுவின் முகாமையாளர் மற் பஸ்பி. காரணம் எளிது. 1958-ஆம் ஆண்டு பெப்ரவரி 6-ஆம் திகதி, அக்குழு ஏறிய விமானம் மியூனிக் விமான நிலையத்திலே, பனி படர்ந்த ஓடுபாதையிலிருந்து எழமுடியாமல் மோதி நொறுங்கியது. இருபத்து மூவர் மாண்டனர். அவர்களுள் எண்மர் ஆட்டக்காரர். நெஞ்சு நசுங்கிக் கிடந்த பஸ்பிக்கு, இறப்பவருக்குச் செய்யும் இறுதிச் சடங்கை இருமுறை செய்துவிட்டார்கள். அந்த மனிதர் இரண்டு மாதங்களுக்கு மேல் மியூனிக் வைத்தியசாலையிற் கிடந்து, எழுந்து, மே 3-ஆம் திகதி வெம்பிளி மைதானத்திலே தம் குழு கிண்ண இறுதிப் போட்டியில் ஆடியதைப் பார்க்கக் கைத்தடி ஊன்றி வந்தார். அந்தப் போட்டியில் யுனைட்டெட் தோற்றது. வென்ற குழு எது தெரியுமா? போல்டன். என் மகள் குடியிருக்க வேறு ஊரா கிடைக்கவில்லை என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

தோற்ற போட்டியைப் பற்றி மாமா அதிகம் பேசமாட்டார். தடி ஊன்றி வந்ததைப் பற்றித்தான் பேசுவார். பத்து வருடங்களின் பின், 1968 மே 29-ஆம் திகதி, அதே வெம்பிளியில் யுனைட்டெட் போர்த்துக்கலின் பென்பிக்கா குழுவை 4-1 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தது. மியூனிக்கில் உயிர் தப்பிய பொபி சார்ள்டன் இரண்டு கோல்கள் போட்டார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மறுநாட் காலையில் வானொலிச் செய்தியைக் கேட்டுவிட்டு மாமா எங்கள் வளவுக்குள் தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "தம்பி, தடி ஊண்டின மனுசன் ஐரோப்பாவை வெண்டிட்டானடா!" என்று கத்தினார். அந்த ஒரு காலை நேரம் அவர் நொண்டவில்லை என்று இன்றைக்கும் என் தங்கை சத்தியம் செய்வாள்.

1994 தை மாதம் பஸ்பி இறந்த செய்தியையும் வானொலியிலேதான் கேட்டோம். யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் மிதியைக் கையாற் சுற்ற, டைனமோவின் வலுவில் வானொலி பேசியது. செய்தி முடிந்த பின்னும் நான் சுற்றிக்கொண்டிருந்தேன். மாமாதான், "விடு தம்பி, கை நோகும்" என்றார். மறு வருடம் ஒக்டோபர் 30-ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டபோது, அவரைச் சைக்கிளின் பின்னால் இருத்தி, செம்மணி வெளியூடாக உருட்டிக்கொண்டு போனேன். அந்த நெரிசலிலே கருங்காலித் தடி எங்கோ விழுந்துவிட்டது. அவரும் அடுத்த வருடம் கொடிகாமத்திற் காலமானார்.

இனி என் கதை. முப்பது வருடத்துக்கு மேல் கணித உபாத்தியாயராக நின்றுகொண்டே பிழைத்தவன் நான். ஓய்வு பெற்று ஏழெட்டு வருடத்தில் இடது இடுப்பு தேய்ந்து, இரவில் திரும்பிப் படுக்கவும் இயலாத நிலை வந்தது. 2024 மாசியிற் சத்திரசிகிச்சை நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்களே தவிர, என்னை முற்றாக உறங்க வைக்கவில்லை. திரைக்கு அப்பால் சுத்தியலும் அரமும் சீவுளியும் ஒலித்தன. தச்சுப் பட்டறையிலே மேசையாகக் கிடப்பது எப்படியிருக்கும் என்பதை அறிந்தவன் நான். "இனிச் சீமெந்து" என்று வைத்தியர் உதவியாளரிடம் சொன்னபோது, காங்கேசன்துறை நினைவு வந்து சிரித்துவிட்டேன். நோவா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

சத்திரசிகிச்சை ஒன்றரை மணித்தியாலம். கடினமானது அதன் பின்பு வந்ததே. நம்முடைய வாழ்க்கை எவ்வளவு தூரம் நிலத்தோடு ஒட்டியது என்பது இடுப்பை மாற்றியவனுக்கே தெரியும். சம்மணம் கொட்டக் கூடாது, குந்தக் கூடாது, காலுக்கு மேற் கால் போடக் கூடாது, இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடிக்கக் கூடாது. தாழ்ந்த வாங்கில் இருக்கக் கூடாது. இரவில் இரு கால்களுக்குமிடையே தலையணையை வைத்து மல்லாந்தே படுக்க வேண்டும். ஐந்தாவது வாரம், என் மனைவி குனிந்து என் காலிற் செருப்பு மாட்டிவிட்டபோது, நாற்பது வருடத்தில் முதற்றடவையாக அவள் முன் அழுதேன். அவள் அதைக் காணாதவள் போல மற்றச் செருப்பையும் மாட்டினாள்.

எனக்கு நடை பழக்கிய பெண், என் பழைய மாணவனின் மகள். "சேர், படியேறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது நோய்க்கால் முதல். நல்லவர் மேலே போவார், கெட்டவர் கீழே போவார், அவ்வளவுதான்" என்று சொல்லித் தந்தாள். முதலில் படலை வரைக்கும் நடந்தேன். பிறகு வேலிக் கதியால்களை எண்ணி, நாளுக்குப் பத்துக் கதியால் கூட்டினேன். நாலாம் மாதம் கோயில் வெளிக்குப் போய்ச் சேர்ந்தேன், பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் தடி வேண்டாம், தூரம் நடக்கும்போது மட்டும் கொஞ்சக் காலம் பிடியுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நான் பிடிக்கவில்லை. தடியைக் கையில் எடுத்தால் சின்னமாமாவின் நொண்டலும் எனக்கு வந்துவிடும் என்று ஓர் எண்ணம். கணிதம் கற்பித்தவனுக்கு இப்படியொரு மூடநம்பிக்கை இருக்கலாமா என்று கேட்டால் பதில் இல்லை.

ஐப்பசியிற் புறப்பட்டேன். கட்டுநாயக்காவிலே சோதனைக் கருவி என் இடுப்பண்டை வந்ததும் வீரிட்டது. "உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வையுங்கள்" என்றான் இளம் காவலன். "ஐயா, அதை வைக்கத்தான் ஒன்றரை மணித்தியாலம் சென்றது" என்றேன். இடையில் விமானம் மாறவேண்டிய நிலையமொன்றிலே என்னைச் சக்கர நாற்காலியில் இருத்தி, ஒரு தூணுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, தள்ளுகிறவன் எங்கோ போய்விட்டான். முக்கால் மணித்தியாலம் அந்தத் தூணும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். விமானத்திலே இரத்தம் உறையாமலிருக்க இறுகிய காலுறை அணிந்து, மணிக்கொருமுறை எழுந்து, உறங்குகிறவர்களின் கால்களைத் தாண்டி நடந்தேன்.

மருமகன் 19-ஆம் திகதி சனிக்கிழமைப் போட்டிக்கு நுழைவுச்சீட்டு எடுத்து வைத்திருந்தார். யுனைட்டெட்டுக்கும் பிரென்ட்போர்ட்டுக்கும் போட்டி. இடம் ஓல்ட் டிராபோர்ட் மைதானம். மகள் என்னிடம் மடக்குத் தடியொன்றைத் தந்தாள். அதை அலமாரிக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை தனியே மான்செஸ்டருக்குப் போனேன். நகரின் நடுவே கண்ணாடிச் சுவரோடு சாய்வாக எழுந்து நிற்கும் கட்டடத்தில் தேசிய உதைபந்தாட்ட நூதனசாலை இருக்கிறது. அங்கே இரண்டு மணித்தியாலம் நின்றேன். நின்றேன் என்பதுதான் பிழை, இருந்திருக்க வேண்டும். பிறகு தெற்கே காசில்பீல்ட் பகுதிக்கு நடந்தேன். உரோமர் கோட்டை கட்டிய இடம் அது. நிலக்கரி கொண்டுவருவதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டிய பிரிஜ்வாட்டர் கால்வாய் அங்கே வந்து சேர்கிறது. கருஞ்செங்கற் களஞ்சியங்களும், தலைக்கு மேலே இரும்புப் பாலங்களும், கீழே மௌனமான தண்ணீரும். அந்தக் கால்வாய்க் கரையோடு நேரே நடந்தால் ஓல்ட் டிராபோர்ட் மைதானத்தின் பக்கத்துக்கே போய்விடலாம் என்று அங்கே ஒருவர் சொன்னார். ஏறத்தாழ நாலு கிலோமீற்றர். நாளைக்குப் பார்க்கப் போகிற இடத்தை இன்றைக்கு நடந்து போய்த் தொட்டுவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. இணுவிலிற் கதியால் எண்ணியவனுக்கு நாலு கிலோமீற்றர் பெரிதா?

மூன்று கிலோமீற்றருக்குப் பெரிதாகவில்லை. தூரத்திலே, கட்டடங்களுக்கு மேலாக, மைதானக் கூரையின் வெள்ளை உருக்கு வளைகள் தெரிந்தன. கண் அதிலேயே நின்றது. அப்போதுதான் இடது தொடையின் பக்கவாட்டில் யாரோ கத்தியைச் செருகியதுபோல் ஒரு பிடிப்பு. அடுத்த அடி வைக்க முடியவில்லை. மூட்டு கழன்றுவிட்டதோ என்ற பயத்தில் உடம்பு முழுவதும் வியர்த்தது. கால்வாய்க் கரையிலிருந்த வாங்கில் மெல்லச் சரிந்து மகளுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். அவள் வந்து சேரும் வரை, இரண்டு தாராக்கள் எனக்கு முன்னால் தண்ணீரில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. மைதானம் கூப்பிடு தூரத்தில் நின்றது.

வைத்தியசாலையில் ஐந்து மணித்தியாலம் காத்திருந்தோம். ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்த இளம் வைத்தியர், மூட்டுக்கு ஒன்றுமில்லை, அதைச் சுற்றியுள்ள தசைநார்கள்தாம் அழற்சி அடைந்திருக்கின்றன, இரண்டு நாள் ஓய்வு போதும் என்றார். "உங்களுடைய தடி எங்கே?" என்று கேட்டாள் தாதி. வீட்டில் என்றேன். "அப்படியானால் வீட்டில் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பது யார்?" என்று கேட்டாள். மகள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மருமகனும் பேரனும் மைதானத்துக்குப் போனார்கள். என் சிவப்புக் கழுத்துத்துணியைப் பேரன் கட்டிக்கொண்டு போனான். சரி, தொலைக்காட்சியிலாவது பார்ப்போம் என்று நினைத்தேன். அங்கேதான் இன்னொரு வேடிக்கை. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் போட்டிகளை இங்கிலாந்தில் நேரடியாக ஒளிபரப்புவதில்லை. மக்கள் வீட்டிலிருந்துவிட்டால் சிறிய குழுக்களின் மைதானங்கள் வெறுமையாகிவிடும் என்பதற்காக நெடுங்காலமாக வந்த ஏற்பாடு. இணுவிலில் இருந்திருந்தால் வீட்டு விறாந்தையிலிருந்து பார்த்திருப்பேன். மைதானத்திலிருந்து இருபது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் இருந்த எனக்கு மிஞ்சியது வானொலி.

பக்கத்து வீட்டு முதியவர் சுகம் விசாரிக்க வந்தார். எண்பது வயது, நெசவாலைகளிலே தறி திருத்துநராக வேலை செய்தவர், பிறவிப் போல்டன் ஆதரவாளர். கையில் ஒரு தடி. அதை ஊன்றி வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் இடுப்பு மாற்றியிருக்கிறார்கள், பதினைந்து வருடத்துக்கு முன்பு. "இது உமக்கு" என்று என் கட்டிலிற் சாத்தினார். "இடது இடுப்பென்றால் வலது கையிற் பிடியும். நோய்க்காலின் பக்கம் பிடிக்கிறவன் மூடன்" என்றார்.

அவர் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டு அதை யோசித்தேன். ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பு மறுபக்கம் சரியாமல் இடுப்புத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தசை மூட்டுக்கு மிகவும் அருகில் இருப்பதால் பெரும்பலம் போட்டு இழுக்க வேண்டும். அதனால் மூட்டின்மேல் உடல் நிறையின் இரண்டரை மடங்குக்கு மேற் பாரம் விழுகிறது. எதிர்க்கைத் தடியோ மூட்டிலிருந்து தூரத்தில் இருக்கிறது. சிறிது ஊன்றினாலும் பெரும் பாரம் குறையும். வெறும் நெம்புகோற் கணக்கு! எத்தனை வகுப்புக்கு இதை விளங்கப்படுத்தியிருப்பேன். என் இடுப்புக்கு மட்டும் விளங்கப்படுத்தவில்லை. சின்னமாமா எந்தக் கையிற் பிடித்தார் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் முறிந்தது வலது கால். தடியும் வலது கையில். முப்பத்திரண்டு வருடம் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வானொலியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. யுனைட்டெட் வீரர் டி லிக்டின் தலையில் இரத்தம் வழிகிறதென்று அவரை வெளியே அனுப்பினார்கள். அவர் இல்லாத அந்தச் சில நிமிடத்துக்குள் பிரென்ட்போர்ட் ஒரு கோல் போட்டுவிட்டது. கிழவர் குலுங்கிச் சிரித்தார். இடைவேளைக்குப் பின் கர்னாச்சோ ஒன்று, ஹொய்லுண்ட் ஒன்று. 2-1 என வென்றோம். நான் படுக்கையிலிருந்தே கை தட்டினேன். கிழவர், "எங்கள் லொப்ட்ஹவுசுக்கு இவர்கள் பந்து பொறுக்கவும் காணாது" என்றார். 1958 இறுதிப் போட்டியில் போல்டனின் இரண்டு கோல்களையும் போட்டவர் நற் லொப்ட்ஹவுஸ். இரண்டாவது கோலின்போது, பந்தைப் பிடித்த யுனைட்டெட் காவலரைத் தோளால் இடித்துப் பந்தோடு கம்பத்துக்குள் தள்ளினார். நடுவர் கோல் என்றார். அது கோலா என்று கேட்டு அன்று மாலை ஏழு மணி வரை கிழவரோடு வாதாடினேன். அவர் பதினான்கு வயதிலிருந்து அந்த வாதத்தை நடத்தி வருகிறவர், தோற்பாரா?

போகும்போது, "நாளைக்கு மோட்டார் வண்டியில் உம்மை ஓரிடத்துக்குக் கொண்டுபோகிறேன். நடக்க வேண்டியதில்லை" என்றார்.

அந்த இடம் ரைட்டிங்டன் வைத்தியசாலை. போல்டனுக்கு மேற்கே, வயல்களுக்கும் மாட்டுப் பட்டிகளுக்கும் நடுவே இருக்கிறது. 1933-இல் சயரோகிகளுக்காகத் திறக்கப்பட்டது. நல்ல காற்று வேண்டுமென்று நாட்டுப்புறத்திற் கட்டினார்கள். சயரோகம் குறைந்த பின், ஜோன் சாண்லி என்னும் சத்திரவைத்தியர் இங்கேதான் இடுப்பு மூட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் பக்கத்து ஊரான பெரியிற் பிறந்தவர். உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமுமாக, பற்கட்டும் வைத்தியர் பாவிக்கும் சீமெந்தைக்கொண்டு எலும்போடு ஒட்டும் மூட்டை அவர் அமைத்தார். கிண்ணத்துக்கு முதலில் அவர் எடுத்த பொருள் டெப்ளோன். நோயாளிகள் நோவின்றி நடந்தார்கள், சாண்லி மகிழ்ந்தார். இரண்டு மூன்று வருடத்தில் கிண்ணங்கள் தேய்ந்து, அதன் தூள் சுற்றியிருந்த தசையை அரித்தது. ஏறத்தாழ முந்நூறு பேருக்கு வைத்துவிட்டார். அந்தத் தூள் உடம்பை என்ன செய்கிறதென்று பார்க்க, டெப்ளோன் துணுக்கைத் தம்முடைய தொடைத் தோலுக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். தாம் வைத்தவற்றைத் தாமே மறுபடி திறந்து எடுத்தார்.

வழிநெடுக இதைச் சொல்லிக்கொண்டு வந்த கிழவருக்கு, அடுத்த பகுதியிலேதான் பெருமை. 1962-இல் ஒரு விற்பனையாளர், லங்கஷயர் தறிகளுக்கான பற்சக்கரங்களை விற்கிறவர், அவை செய்யப்படும் பொலித்தீன் வகையொன்றின் துண்டை வைத்தியசாலைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சாண்லி அதைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போய்விட்டார். பட்டறைத் தொழில்நுட்பவியலாளர் ஹரி கிரேவன், சாண்லி கொப்பன்ஹேகனுக்குப் போயிருந்த சமயத்தில், அந்தத் துண்டைத் தேய்ப்பு இயந்திரத்திற் பூட்டி ஓட விட்டார். டெப்ளோன் ஒரே நாளிற் தேயும் அளவுக்கு, இது மூன்று வாரமாகியும் தேயவில்லை. அவ்வருடம் நவம்பரில் முதல் நோயாளிக்கு அந்தப் பொருளில் கிண்ணம் வைத்தார்கள். "நான் தறியிற் பூட்டிய சக்கரத்தைத்தான் ஐயா, உம்முடைய இடுப்பில் வைத்திருக்கிறார்கள்" என்றார் கிழவர். என் இடுப்பிலிருப்பது அதன் பேரப்பிள்ளை என்பதே சரி. ஆனால் அவரைத் திருத்த மனம் வரவில்லை.

அவருடைய தாயாருக்கு 1966-இல் அங்கே இடுப்பு மாற்றினார்களாம். இறந்த பிறகு மூட்டைத் திருப்பித் தருவதாகச் சாண்லி தம் நோயாளரிடம் சம்மதம் கேட்பார். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டுமல்லவா? "என் தாயாரும் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்" என்றார்.

நான் ஒரு பழைய செங்கற் கட்டடத்தின் முன்னால் வண்டியிலிருந்து இறங்கி, தடியை வலது கையிற் பிடித்துக்கொண்டு நின்றேன். 1962 நவம்பர். மாமா விழுந்தது 1963. கணக்குத் தெரிந்தவனுக்கு இந்த இரண்டு எண்களைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அவருக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. சாண்லியே முதியோருக்குத்தான் பெரும்பாலும் அதைச் செய்தார். இளைஞருக்கு வைத்தால் தேய்ந்துவிடும் என்று அஞ்சினார். மாமா போல்டனிற் பிறந்திருந்தாலும் தடிதான். கை மட்டும் மாறியிருக்கும்.

திங்கட்கிழமை, வலி தணிந்ததும், மகள் என்னை ஓல்ட் டிராபோர்ட்டுக்குக் கூட்டிச் சென்றாள். போட்டியில்லாத நாளில் மைதானத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். 1910-இல் திறந்து, 1941-இல் ஜெர்மன் குண்டுகள் சிதைத்து, 1949-இல் மறுபடி ஆட்டம் தொடங்கிய இடம். பழைய மைதானத்தில் மிஞ்சியது ஆட்டக்காரர் வரும் நடுச்சுரங்கப் பாதை மட்டுமே. மேலிருக்கைகளுக்கு ஏறும் படிகளிலே, நல்ல கால், நோய்க்கால், தடி என்று எண்ணிக்கொண்டு ஏறினேன். மற்றவர்கள் எனக்காக நிற்க வேண்டியிருந்தது, நின்றார்கள். எழுபத்துநாலாயிரம் பேர் இருக்கக்கூடிய இடத்தில் முப்பது பேர் இருந்தோம். புல்லின் பச்சை கண்ணைக் கூசியது. வெளியே, மூலைச் சுவரில் ஒரு மணிக்கூடு. மேலே 1958 பெப்ரவரி 6 என்ற திகதியும், கீழே மியூனிக் என்ற பெயரும். கிழக்கு வாயிலில் பஸ்பியின் சிலை. எதிரே பெஸ்ட், லோ, சார்ள்டன் மூவரும் ஒன்றாக நிற்கும் சிலை. மியூனிக்கில் உயிர்தப்பிய ஆட்டக்காரருள் கடைசியாக எஞ்சியிருந்த சார்ள்டன் 2023 ஒக்டோபர் 21-ஆம் திகதி காலமானார். நான் அங்கே நின்ற அன்றைக்குச் சரியாக ஒரு வருடம். அதை அறிந்து நாங்கள் போகவில்லை. வழிகாட்டி சொன்னபோதுதான் தெரிந்தது.

பஸ்பியின் சிலையில் தடி இல்லை. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார். மகள் படம் எடுக்கத் தொலைபேசியை உயர்த்தினாள். "அப்பா, தடியைத் தாங்கோ, நான் பிடிக்கிறன்" என்றாள். "வேண்டாம் பிள்ளை, அதோடையே எடு" என்றேன்.

புறப்படும் நாள் கிழவர் வாசலில் நின்றார். தடியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "ஒரு நிபந்தனை. லொப்ட்ஹவுசின் இரண்டாவது கோல் கோல்தான் என்று ஒப்புக்கொண்டால் தடி உமக்கு" என்றார். மகளைப் பார்த்தேன், வண்டியில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, விமானத்துக்கு நேரமாகிறது என்று மருமகன் கைகாட்டினார்.

தடி இப்போது இணுவிலிலே எங்கள் வாசற்கதவின் பின்னால் நிற்கிறது. சின்னமாமாவாக இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பார்.